டயர் மாற்றுவதற்கு முன்னால் எடை மேடைக்குப் போங்க!

காலை ஆறு மணிக்கு ஒரகடம் கூட்ரோடு பக்கம் போயிருக்கிறீர்களா? ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்தும் சிங்கப்பெருமாள் கோயில் பக்கமிருந்தும், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இரு திசையிலிருந்தும் கம்பெனி பஸ்களும் வேன்களும் வரிசை கட்டி வரும். நடுவில் கன்டெய்னர் டிரெய்லர்கள், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகள். அந்த வரிசையில் வரும் வெள்ளை வேன்களில் பாதி நமக்குப் பழக்கமான டெம்போ டிராவலர்தான்.

இந்த வேன்கள் பத்துப் பன்னிரண்டு வருடம் ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு ஒருநாள் விலைக்கு வரும். சிலர் அதை வாங்கிச் சீட்டைக் குறைத்து, படுக்கை போட்டு, தண்ணீர்த் தொட்டி வைத்து வீட்டு வண்டியாக்கிக்கொள்கிறார்கள். கேம்பர் வேன் என்று இப்போது ஸ்டைலாகச் சொல்கிறோம்.

அப்படி ஒரு வண்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான்.

"சார், எட்டு மாசத்துல மூணு தடவை அலைன்மென்ட் பண்ணிட்டேன். முன்னாடி இடது டயர் மட்டும் திங்குது சார். ஓரத்துல மொட்டையாயிடுச்சு. கடையில நாலு டயரையும் மாத்துங்கன்றாங்க. கோடை லீவுல அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போகணும். அதுக்குள்ள எந்த டயர் போடலாம்னு சொல்லுங்க."

எந்த டயர் என்று நான் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரையும் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வாங்க. முதலில் எடை மேடைக்குப் போகலாம்" என்றேன். டயருக்கும் எடை மேடைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசித்தது போனிலேயே தெரிந்தது.

மூன்று மில்லிமீட்டர் செய்யும் வேலை

முதலில் அலைன்மென்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பலர் இதையும் பேலன்ஸிங்கையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு சக்கரம் சுற்றும்போது அதன் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கச் செய்வது பேலன்ஸிங். அது தப்பினால் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது அலைன்மென்ட். அது தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அல்லது இழுக்காமலேயே டயரைத் தின்னும்.

கோணம் மூன்று வகை. மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களும் நம் பாதங்களைப்போல உள்பக்கம் அல்லது வெளிப்பக்கம் திரும்பியிருப்பது டோ. முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்புகிற அச்சு முன்னாலோ பின்னாலோ சாய்ந்திருப்பது காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அதே சங்கதி. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது காஸ்டர் புண்ணியத்தில்தான்.

மூன்றில் டயரை அதிகம் தின்பது டோ. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 அங்குல ரிம் வண்டியில் டோ இருக்கவேண்டிய அளவைவிட 3 மில்லிமீட்டர் தப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரமும் ஆளுக்குக் கால் டிகிரிக்கும் குறைவாகத்தான் திரும்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஒரகடத்திலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள், உருள வேண்டிய ரப்பர் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் தாரில் தேய்க்கப்பட்டிருக்கும். அழிரப்பரை நோட்டில் தேய்ப்பதுபோலத்தான்.

ஆகவே அலைன்மென்ட் அவசியம். ஆனால் அது கடைசியில் செய்யவேண்டிய வேலை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதையே முதலில் செய்கிறார்கள். மூன்று தடவை பண்ணியும் நம் வாசகருக்குத் தீராமல்போனது அதனால்தான்.

சீட்டில் என்ன இருந்தது?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. லாரிகளுக்காக வைத்திருக்கும் எடை மேடைகள் அங்கே நிறைய. வே-பிரிட்ஜ் என்று போர்டு இருக்கும். சின்னத் தொகை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் சீட்டு கொடுத்துவிடுவார்கள். வேன் போனால் வேடிக்கையாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

மூன்று தடவை நிறுத்த வேண்டும். முழு வண்டியும் மேடையில் ஒரு தடவை. முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் ஒரு தடவை. பின் சக்கரங்கள் மட்டும் ஒரு தடவை. ஊருக்குப் போகும்போது என்னென்ன இருக்குமோ, யார் யார் இருப்பார்களோ எல்லாமே வண்டியில் இருக்கவேண்டும்.

அவர் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். "என்னடா, என்னையும் சேர்த்தா நிறுக்கிறீங்க?" என்று கேட்டார். "ஆமாம்மா, உங்களையும் சேர்த்துத்தான்."

முன் அச்சு 1,340 கிலோ. பின் அச்சு 1,720 கிலோ. மொத்தம் 3,060. ஆர்.சி.யில் இருந்த மொத்த எடை வரம்புக்குள்தான் இருந்தது. அவருக்கு நிம்மதி. "பார்த்தீங்களா சார், ஓவர்லோடு இல்ல."

நான் குனிந்து பின் டயரின் பக்கவாட்டைப் பார்த்தேன். 215/75 ஆர்15 என்று இருந்தது, அளவு சரி. அதற்குப் பக்கத்தில் 100எஸ் என்று இருந்தது. அந்த 100 தான் லோடு இன்டெக்ஸ். அது கிலோ கணக்கு இல்லை, ஒரு குறியீட்டு எண். 100 என்றால் அந்த டயர் அதிகபட்சம் 800 கிலோ தாங்கும். எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வரை என்ற வேகக் குறியீடு.

அவருடையது பின்னால் பக்கத்துக்கு ஒற்றை டயர் வண்டி. இரண்டு டயரும் சேர்ந்து தாங்கக்கூடியது 1,600 கிலோ. மேலே உட்கார்ந்திருப்பது 1,720 கிலோ. வண்டிக்கு ஓவர்லோடு இல்லை. டயருக்கு ஓவர்லோடு!

எப்படி நடந்தது? 215/75 ஆர்15 என்ற அதே அளவில் ஜீப் வகை வண்டிகளுக்கான டயரும் வருகிறது, பாரம் சுமக்கும் வேன்களுக்கான எல்.டி. டயரும் வருகிறது. எல்.டி. என்றால் லைட் டிரக். ரிம்மில் இரண்டுமே கச்சிதமாக உட்காரும். பழைய சொந்தக்காரர் விலை குறைவு என்றோ, வண்டி மெத்தென்று போகும் என்றோ முதல் வகையைப் போட்டிருக்கிறார். விற்கும்போது அதை யார் சொல்வார்கள்?

இப்படி இருக்கும் டயர் ஊருக்குள் ஓடும்வரை ஒன்றும் செய்யாது. கோடை வெயிலில், நாற்கரச் சாலையில், தொடர்ந்து மூன்று மணிநேரம் ஓடும்போதுதான் பிரச்னை. பாரம் தாங்காமல் பக்கவாட்டு ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். மடங்கி நிமிர்ந்தால் சூடு. சூடு ஏற ஏற உள்ளே ரப்பரும் கம்பி அடுக்கும் ஒட்டிய பிடி விடும். பிறகு ஒரு நொடியில் வெடிப்பு. உள்ளே படுக்கையில் பேரப்பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

தண்ணீர் எந்தப் பக்கம்?

அடுத்து வண்டிக்குள் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி இடது பக்கம். இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டும் இடது பக்கம். அடுப்பு மேடை, பாத்திரப் பெட்டி எல்லாமே இடது பக்கம். வலது பக்கம் படுக்கை மட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டி என்றால் இரண்டு பெரியவர்களை இருபத்துநாலு மணிநேரமும் ஒரே மூலையில் உட்காரவைத்த மாதிரி.

விளைவு, பின் இடது கமான் பட்டை வலதைவிடத் தாழ்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பட்டையில் விரிசல். வண்டி பின்னால் ஒரு பக்கம் அமுங்கினால் முன்னாலும் நிற்கும் நிலை மாறும், காஸ்டர் மாறும். இதைச் சரிசெய்யாமல் மிஷினில் ஏற்றினால், கோணலாக நிற்கும் வண்டிக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

பழைய வண்டிகளில் இன்னொன்றும் பார்க்கவேண்டும். கமான் பட்டைகளை அச்சோடு பொருத்தும் சென்டர் போல்ட் உடைந்தால் பின் அச்சே கொஞ்சம் நகர்ந்துவிடும். அப்போது வண்டி நேராகத்தான் போகும், ஆனால் உடம்பு ஒரு பக்கம் திரும்பி, நண்டு நடப்பதுபோலப் போகும். பின்னால் வரும் வண்டிக்காரர்தான் முதலில் கவனிப்பார். எத்தனை தடவை முன் சக்கர அலைன்மென்ட் செய்தாலும் ஸ்டீயரிங் கோணலாகவே நிற்கிறதா? சென்டர் போல்ட்டையும் யு போல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜாக்கி போட்டு ஆட்டிப் பாருங்கள்

டெம்போ டிராவலர் 1987-ல் வந்த வண்டி. மெர்சிடஸ் பென்ஸின் டி1 வேனை அடிப்படையாக வைத்துச் செய்தது. பழைய டிராவலர்களில் முன்னாலும் லாரிபோல ஒரே நீள அச்சு, அதோடு கமான் பட்டை. சக்கரம் திரும்புவது கிங் பின் என்ற தடித்த ஊசியைச் சுற்றி. இந்த அமைப்பில் சாதாரணமாகத் திருகி மாற்றக்கூடியது டோ ஒன்றுதான். கேம்பர் அச்சோடு சேர்ந்தது. காஸ்டரை மாற்ற அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைக்கவேண்டும்.

மாருதி ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு முன்னால் ஸ்ட்ரட், பின்னால் கமான் பட்டை. 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி என்பதால் ஓடுவது எல்லாமே இப்போது பழைய வண்டிதான். கிங் பின் இல்லை, பால் ஜாயின்ட் உண்டு. சோதனை ஒன்றேதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கட்டை வைத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை நீட்டக் கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும், அதாவது கடிகாரத்தில் 12-லும் 6-லும் பிடித்து ஆட்டுங்கள். லொடலொட என்று ஆடுகிறதா? ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காமல் ஆடினால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட். அடுத்து 3-லும் 9-லும் பிடித்து ஆட்டுங்கள். அதில் ஆடினால் டை ராடு முனைகள் தேய்ந்திருக்கலாம்.

நம் வாசகர் வண்டியில் இடது கிங் பின் நன்றாகவே ஆடியது. கிரீஸ் அடிக்கும் நிப்பிள் மேல் காய்ந்த மண் கல்லாக ஒட்டியிருந்தது. கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தார்களோ! புஷ் தேய்ந்து, சக்கரம் போகும் போக்கில் ஒரு மாதிரி, பிரேக் போட்டால் ஒரு மாதிரி நிற்கிறது. அந்த ஆட்டம் சில மில்லிமீட்டர். நாம் மிஷினில் சரிசெய்வதும் அதே சில மில்லிமீட்டர். கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சுவரில் படம் நேராக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோலத்தான் மூன்று அலைன்மென்ட்டும் நடந்திருக்கிறது.

டயரைக் கையால் படியுங்கள்

டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் இருந்தால், காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள்.

நடுவில் மட்டும் தேய்ந்தால், காற்று அதிகம்.

ஒரே ஓரம் தேய்ந்தால் டோ, கேம்பர், அல்லது ஆடும் கிங் பின்.

உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த் திசையில் ரம்பம்போலக் குத்தினால் டோ தப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தடவுங்கள்.

அங்கங்கே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர், பேலன்ஸிங், பேரிங் இந்த மூன்றில் ஒன்று.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுக்கும் பக்கமும் மாறினால் குற்றவாளி டயர். மாறாவிட்டால் அலைன்மென்ட் அல்லது பிரேக். டயரில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் மட்டும் இப்படி மாற்றக் கூடாது. நம் சாலைகள் மழைத்தண்ணீர் வடிய ஓரம் சரிவாக இருப்பதால், இடது பக்கம் போகும் எந்த வண்டியும் லேசாக இடது பக்கம் நகரும். அதை இழுப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

டயர் வாங்கும்போது

இந்த ஏரியாக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஒரகடத்தில் அப்போலோ தொழிற்சாலை 2010-லிருந்து இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஜே.கே. டயர் 2012-ல் வந்தது, சியட் 2020-ல் வந்தது. சென்னைக்கு அந்தப் பக்கம் திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய சின்னக் கூடம்தான் இன்றைய எம்.ஆர்.எஃப்.

"டயர் ஃபேக்டரிக்குப் பக்கத்துலயே இருக்கோம், புது டயர்தானே கிடைக்கும்" என்றார் வாசகர். கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. தொழிற்சாலையில் செய்த டயர் எந்தக் கிடங்கில் எத்தனை மாதம் இருந்து நம்மிடம் வருகிறது என்பதை டயரே சொல்லும். பக்கவாட்டில் ஒரு நீள் வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பணம் கொடுப்பதற்கு முன் நான்கு டயரிலும் இதைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், உள்பக்கமாகவும் இருக்கலாம்.

ஷிப்ட் வேனுக்கு டயர் தேய்ந்து போகும். கேம்பர் வேனுக்கு டயர் வயதாகிப் போகும். வருடத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போய்விட்டு மீதி நாளெல்லாம் வெயிலில் நிற்கும் வண்டியில் பட்டன் புதிதுபோல இருக்கும். ரப்பர் உள்ளுக்குள் காய்ந்திருக்கும். பக்கவாட்டில் நரம்பு நரம்பாக வெடிப்பு தெரிந்தால் பட்டன் ஆழத்தைப் பார்க்கவே வேண்டாம். ஐந்து வருடம் ஆனபிறகு வருடம் ஒருமுறை டயரைத் தெரிந்தவரிடம் காட்டச் சொல்வதும், பத்து வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் மாற்றச் சொல்வதும் டயர் கம்பெனிகள் வழக்கமாகத் தரும் அறிவுரை. நம் வெயிலுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம் என்பேன். ஸ்டெப்னிக்கும் வயது உண்டு. வாங்கிய நாளிலிருந்து அது தொங்கிக்கொண்டே இருந்திருக்கும், அதையும் பாருங்கள்.

தேய்மானத்துக்குச் சட்டக் கணக்கு, வேன் மாதிரி வண்டிகளுக்கு 1.6 மில்லிமீட்டர். பள்ளத்துக்குள்ளேயே சின்ன மேடு வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான்.

வாங்கும்போது நான் பார்க்கும் வரிசை இது. முதலில் வண்டியின் கையேட்டில் அல்லது கதவோரத் தகட்டில் உள்ள அளவு. அடுத்து லோடு இன்டெக்ஸ், கையேட்டில் சொன்னதற்குக் குறையவே கூடாது. நினைவுக்குச் சில எண்கள்: 91 என்றால் 615 கிலோ, 100 என்றால் 800, 104 என்றால் 900, 106 என்றால் 950, 109 என்றால் 1,030. எல்.டி. டயரில் 106/103 என்பதுபோல இரண்டு எண் இருந்தால், முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் ஜோடிச் சக்கரம் உள்ள வண்டிக்கு. பிறகு ஐ.எஸ்.ஐ. முத்திரை. பிறகு தயாரித்த வாரம். விலையும் பெயரும் கடைசியில்தான்.

8 பி.ஆர். என்று போட்டிருந்தால் எட்டு அடுக்கு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அந்தக் காலத்து எட்டு நூல் அடுக்கு டயருக்குச் சமமான பலம் என்று அர்த்தம். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறு பக்கம் நைலான் டயர் போடவே கூடாது. யாரோ கழற்றிப்போட்ட டயரைப் பாதி விலைக்கு வாங்கி வீட்டு வண்டியில் மாட்டாதீர்கள். அது என்ன பாரம் சுமந்தது, எந்தப் பள்ளத்தில் விழுந்தது என்பது நமக்குத் தெரியாது.

இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியது பின்னால் போகட்டும். ஸ்டீயரிங் முன்னால்தானே இருக்கிறது என்று எல்லாரும் புதியதை முன்னால் போடுகிறார்கள். ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வாய்ப்பு உண்டு. பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். உயரமான, பின்பாரம் அதிகமான வேனுக்கு இது இன்னும் முக்கியம். முன்னால் போகும் பழைய டயரிலும் போதுமான பட்டன் இருக்கவேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

காற்றும் வெயிலும்

காற்று அளவு காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்க்கவேண்டியது. 10 டிகிரி சூடு ஏறினால் வேன் டயரில் சுமார் 2 பி.எஸ்.ஐ. ஏறும். மத்தியானம் ஹைவே பங்கில் அளந்து, கூடுதலாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடுபவர்கள் நிறைய. சாயங்காலம் டயர் ஆறும்போது காற்று குறைவாகிவிடும். மறுநாள் அதே குறைவோடு ஓட்டினால் மறுபடி சூடு. இறக்கவே வேண்டாம்.

முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, முழுப் பாரத்துக்கு எவ்வளவு என்று கையேட்டில் தனித்தனியாக இருக்கும். பங்க் பையன் "எல்லாத்துக்கும் முப்பத்தஞ்சா சார்?" என்று கேட்டால் தலையாட்டிவிடாதீர்கள். நைட்ரஜன் கெடுதல் இல்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். எதைப் பிடித்தாலும் அளவு பார்ப்பதுதான் முக்கியம். ஒரு சின்ன கேஜ் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அலைன்மென்ட்

கிங் பின், புஷ் மாற்றி, கமான் பட்டை மாற்றி, பேட்டரிகளை வலது பக்கம் நகர்த்தி, தண்ணீர்த் தொட்டியை நடுவுக்குக் கொண்டுவந்தார் வாசகர். பிறகு நான்கு எல்.டி. டயர். அதன்பிறகுதான் அலைன்மென்ட்.

கடையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். காருக்கான மேடையில் நீள வேன் சரியாக உட்காருமா, எடை தாங்குமா என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். டிராவலர் பெயரோடு வரும் 3050, 3350 போன்ற எண்கள் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில். கடைக்காரரிடம் அதைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

கடையில் நான்கு விஷயம். ஒன்று, வழக்கமாகச் சுமக்கும் நிரந்தரப் பாரத்தோடு போங்கள். இரண்டு, முதலில் நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூன்று, உங்கள் வண்டியின் மாடலையும் வருடத்தையும் மிஷினில் சரியாகத் தேர்வு செய்கிறார்களா என்று பாருங்கள். நான்கு, செய்வதற்கு முன், செய்த பின் என்று இரண்டு அளவும் உள்ள பிரின்ட் வாங்குங்கள். பின் அச்சில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை என்றாலும் அதையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். நண்டு நடை இருந்தால் அதில் தெரிந்துவிடும். சக்கரம் கழற்றி மாட்டியபிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கவேண்டும்.

இன்னொரு வார்த்தை. சீட்டைக் குறைத்துப் படுக்கை போடுவது, வண்டியின் அமைப்பை மாற்றுவது எல்லாம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்குள் வரும். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிவுசெய்ய வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். வாசகரிடம் இதையும் சொன்னேன். விண்ணப்பம் கொடுத்துவிட்டேன் என்று மறுவாரம் தகவல் சொன்னார்.

ஊருக்குக் கிளம்பும் முன்

இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

1. எல்லாரையும் ஏற்றி, எடை மேடையில் முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக எடை போடுங்கள்.
2. ஒவ்வொரு அச்சு எடையும் அதிலுள்ள டயர்களின் லோடு இன்டெக்ஸ் கூட்டுத்தொகைக்கு நன்றாகக் கீழே இருக்கிறதா பாருங்கள். பாரம் இரு பக்கமும் எப்போதும் சரிசமமாக இருக்காது.
3. டயர் வயது, வெடிப்பு, பட்டன். ஸ்டெப்னியையும் சேர்த்து.
4. ஜாக்கி போட்டு ஆட்டிப் பாருங்கள். கமான் பட்டையை டார்ச் அடித்துப் பாருங்கள்.
5. ஆறிய டயரில் காற்று.
6. எல்லாம் முடிந்த பிறகு அலைன்மென்ட்.

செலவைக் கேட்பீர்கள். அலைன்மென்ட்டைவிட கிங் பின் வேலை அதிகம்தான். ஆனால் முதல் அலைன்மென்ட்டுக்கு முன்பே ஜாக்கி போட்டுப் பார்த்திருந்தால், மூன்று அலைன்மென்ட் காசும் ஒரு டயரும் மிச்சம்.

வேலையெல்லாம் முடிந்து மறுபடியும் அதே எடை மேடைக்குப் போனோம். பின் அச்சு எடை கொஞ்சம் குறைந்திருந்தது. பாதித் தொட்டித் தண்ணீர் போதும், வழியில் பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். வண்டி சமமாக நின்றது. அம்மா சீட்டை வாங்கித் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு, மகனிடம் சொன்னார்: "எடையெல்லாம் சரி. போறப்போ மெதுவாப் போடா."

மிஷினில் வராத அளவு அது. அதையும் பட்டியலில் ஏழாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.